உப்புத் தண்ணீர் வளையாது

ராஜாமணி டீச்சரைப் போலப் பேசிக் காட்டு என்று யாராவது கேட்டால், நான் முதலில் மூக்கால் ஒரு மூச்சு விடுவேன். பேச்சு அப்புறம்தான். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே, அதுதான் அந்த மூச்சு. அதற்கே ஸ்டாஃப் ரூம் சிரித்துவிடும். அந்த மூச்சு எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆசியா பீவி டீச்சரின் பக்கத்து நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் வரும்.

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ராஜாமணி டீச்சர் அங்கே வேதியியல். ஆசியா பீவி டீச்சர் இயற்பியல். நான் ஓவிய ஆசிரியை. என் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை; எல்லோருக்கும் நான் 'ட்ராயிங்'.

ராஜாமணி டீச்சருக்கு ஊர் பிரம்மதேசம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். சின்ன வயதில் அவர் ஒரு கன்றுக்குட்டி வளர்த்தாராம். அது ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையை நக்கிவிட்டது. அன்றைக்கு அதற்குப் புல் கிடையாது. இதை எனக்குச் சொன்னவர் அவருடைய வீட்டுக்காரர் சீனுவாசன். சொந்த அத்தை மகன் என்பதால் பழைய கதையெல்லாம் அவருக்குத் தெரியும். நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். தினமும் காலையில் மனைவியை மொபெட்டில் கொண்டுவந்து பள்ளி வாசலில் இறக்குவார். அவர் பேச்சு வெற்றிலை போடாமலே வெற்றிலை போட்டவர் பேச்சு மாதிரி நிதானமாக வரும்.

"கன்னுக்குட்டி ராத்திரி பூரா கத்திக்கினு கெடந்துதாம். இவங்க தலகாணிய காதுல வெச்சிக்கினு அழுதுக்கினு இருந்தாங்களாம். புல்லு மட்டும் போடல. இந்தக் கதைய கல்யாணத்துக்கு முன்னயே யாராச்சும் எனக்கு சொல்லியிருக்கலாம்."

"வண்டிய எடுங்க," என்பார் டீச்சர்.

"எடுக்கறேன். பக்கத்துல போற மொபெட்ட நான் திரும்பிப் பாத்தா அதுக்கும் கோவிச்சிப்பீங்க."

ஆசியா டீச்சருக்கு வீடு கோட்டக்குப்பத்தில். கணவர் ஜாபர் சாதிக் துபாயில். இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, பாண்டியிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறித் திண்டிவனத்தில் வந்து இறங்குவார். அவர் குரலைச் செய்வது எனக்குச் சிரமம். எதைச் சொன்னாலும் "இல்ல ராஜி" என்று ஆரம்பிப்பார், ஆமாம் என்று சொல்வதாக இருந்தாலும். ஒவ்வொரு வார்த்தையையும் கீழே விழுந்து உடைந்துவிடக் கூடாது என்பதைப் போல மெதுவாக வைப்பார்.

இந்த இரண்டு பேரும் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். டிபன் பாக்ஸைத் திறந்ததும், ஆசியா டீச்சர் தன் குழம்பில் முதல் கரண்டியை மூடியில் ஊற்றி ராஜாமணி டீச்சர் பக்கம் தள்ளுவார். ராஜாமணி டீச்சர் தன் கேப்பை அடையில் பாதியை விண்டு இந்தப் பக்கம் வைப்பார். இதற்குள் யாரும் கை நீட்டுவதில்லை. ஒருமுறை நான் நீட்டினேன். மூச்சு வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஜூனில் பூமாலை வந்தாள். மேல்நிலை வகுப்பில் பிள்ளைகள் கூடிவிட்டதால் வேதியியலுக்கு இன்னொரு ஆசிரியை. விழுப்புரத்துப் பெண். காலைப் பாசஞ்சரில் வருவாள், மாலைப் பாசஞ்சரில் போவாள். நடந்தால் ஓடுவது மாதிரி இருக்கும், பேசினால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவுவது மாதிரி இருக்கும். வந்த புதிதில் எல்லோரையும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துப் புழுதி அவள் செருப்பில் படிவதற்குள் ஆசியா டீச்சர் மட்டும் 'அக்கா' ஆகிவிட்டார். ராஜாமணி டீச்சர் டீச்சராகவே நின்றார்.

ஒருநாள் மத்தியானம் குழம்பு மூடி இடம் மாறியது. ஆசியா டீச்சர் அதை மேசையின் இந்த ஓரத்தில் இருந்த பூமாலையிடம் தள்ளினார். மூடி மேசையில் உரசிக்கொண்டு போன சத்தம் ஸ்டாஃப் ரூம் முழுவதும் கேட்டது.

"இன்னா ஆசியா, இன்னிக்கி மூடி ரொம்ப தூரம் பிரயாணம் போவுது," என்றார் ராஜாமணி டீச்சர்.

"இல்ல ராஜி, புள்ள வெறும் வயித்தோட ரயில்ல வருது."

"நாங்க மட்டும் பந்தியில குந்தி சாப்ட்டுட்டு வர்றமா?"

"உனக்கும் ஊத்தறேன் ராஜி."

"வாணாம். எனக்கு மீன் வாசன இன்னிக்கி ஒத்துக்கல."

குழம்பு முருங்கைக்காய்க் குழம்பு. பூமாலை அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

தை பிறப்பதற்கு முன்னால் அறிவியல் கண்காட்சிக்குச் சுற்றறிக்கை வந்தது. விழுப்புரத்தில் நடக்கப் போகிறது. ஒவ்வொரு வருஷமும் எங்கள் பள்ளியின் காட்சிப்பொருள் ராஜாமணி டீச்சரும் ஆசியா டீச்சரும் சேர்ந்து செய்வதுதான். ஆனால் சுற்றறிக்கை வந்த வாரம், மல்லாட்டை பிடுங்க ஆள் வந்திருக்கிறது என்று ராஜாமணி டீச்சர் லீவு போட்டுக்கொண்டு பிரம்மதேசத்தில் இருந்தார். திரும்பி வந்தபோது சோதனைக்கூடத்தில் ஏற்கெனவே எல்லாம் முளைத்திருந்தது.

அதற்கு விதை ஒரு கம்பளி. ஜாபர் சாதிக் துபாயிலிருந்து அனுப்பியது, புலிப்படம் போட்டது. அதை மடித்தாலே படபடவென்று பொறி பறக்கும், பிள்ளைகளின் முடி எழுந்து நிற்கும். ஆசியா டீச்சர் இதைச் சும்மா ஒரு பேச்சாகச் சொல்ல, "அக்கா, அத வெச்சே பண்ணலாமே," என்று பூமாலை சொல்லியிருக்கிறாள்.

இரண்டு அலுமினியத் தகடுகளைக் கண்ணாடி டம்ளர்கள் மேல் நிற்க வைத்திருந்தார்கள். எபோனைட் தண்டைக் கம்பளியில் நன்றாகத் தேய்த்து ஒரு தகட்டில் தொட்டால் அது எதிர் மின்னூட்டம் பெறும். கண்ணாடித் தண்டைப் பட்டில் தேய்த்து மற்றதைத் தொட்டால் அது நேர் மின்னூட்டம். நடுவில் ஸ்டாண்டில் ஒரு பியூரெட், அடியில் திருகு வைத்த கண்ணாடிக் குழாய். அதிலிருந்து நூல் மாதிரி தண்ணீரை விழவிட்டார்கள்.

நட்டநடுவில் விட்டால் தண்ணீர் நேராக விழுந்தது. ஸ்டாண்டை இடது தகட்டுக்குக் கிட்டே நகர்த்தினால் அந்தப் பக்கம் வளைந்தது. வலது தகட்டுக்குக் கிட்டே நகர்த்தினால் இந்தப் பக்கம் வளைந்தது. தொடவே இல்லை, யாரோ கூப்பிட்ட மாதிரி போனது. அடுத்து மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். அது எந்தப் பக்கம் போனாலும் எனக்கென்ன என்று நேராக விழுந்தது.

"பாத்தீங்களா டீச்சர்," என்றாள் பூமாலை. "ரெண்டும் சகப்பிணைப்புச் சேர்மம்தான். தண்ணியில ஒரு மூலைக்கு நேர், ஒரு மூலைக்கு எதிர். தகட்ட பாத்ததும் மூலக்கூறு திரும்பி நின்னுக்குது. மண்ணெண்ணெயில அப்படி முனை கெடையாது. அதனால அது அசையல."

ராஜாமணி டீச்சர் மூச்சு விட்டார். பூமாலை சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதுகிற வாக்கியத்தை, அவருடைய சோதனைக்கூடத்தில், அவருடைய ஆசியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பெண் அவருக்கே நடத்துகிறாள்.

"அயனிச் சேர்மம் எங்க?" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையையும் அவர் பார்த்துவிட்டார்.

"சகப்பிணைப்ப மட்டும் வெச்சிக்கினு போனா பாதி பாடத்தோட போன மாதிரி. உப்பு தண்ணி வெக்கணும். உப்பு தண்ணி வளையாது. சோடியம் அயனிய எதிர்த் தகடு இழுக்கும், குளோரைடு அயனிய அதே தகடு தள்ளும். ரெண்டும் சரிக்கு சரி. இழுப்பும் தள்ளும் கழிஞ்சி போயிடும். நேரா விழும்."

"அப்படியா டீச்சர். போட்டுப் பாத்துடலாமா?" என்று பூமாலை உப்பு ஜாடியை எடுக்கப் போனாள்.

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது? நான் காலேஜ்ல படிச்சதுல இருந்து நடத்தறேன். ட்ராயிங், எழுதிக்கம்மா."

எங்கள் பள்ளிக்கூடங்களில் கண்காட்சி என்றால் முதலில் சார்ட்டுதான். சோதனை அப்புறம். தலைமையாசிரியை வந்து பார்ப்பது சார்ட்டை, கையெழுத்துப் போட்டு அனுப்புவது சார்ட்டை. சோதனை அதற்குள் அடங்கி நடந்துகொள்ள வேண்டும். அதனால் நான் பெரிய தாளில் மூன்று கட்டம் போட்டேன். தண்ணீர்: வளையும். மண்ணெண்ணெய்: வளையாது. மூன்றாவது கட்டத்தில் ராஜாமணி டீச்சர் சொல்லச் சொல்ல, சிவப்புப் போஸ்டர் கலரில், உப்புத் தண்ணீர்: வளையாது. மூன்று கட்டத்தில் ஒன்று அவருடையது. அதைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அன்று மத்தியானம் மூடியை அவரே இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

பொங்கல் கழிந்து பள்ளி திறந்தபோது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆசியா டீச்சரும் பூமாலையும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். ராஜாமணி டீச்சர் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். ஆசியா டீச்சர் உடனே வெயிலைப் பற்றி ஏதாவது சொல்வார். வெயிலைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

"இன்னா பேசிக்கினு இருந்தாங்க?" என்று ராஜாமணி டீச்சர் என்னை வராந்தாவில் மடக்கினார்.

"தெரியாது டீச்சர்."

"ஊரு பேச்செல்லாம் உன் வாயில வருது, இது மட்டும் தெரியாதா?"

"உப்புன்னு ஒரு வார்த்த காதுல விழுந்துச்சி டீச்சர்."

அவ்வளவு போதுமாயிருந்தது அவருக்கு. "என் கட்டத்த எடுக்கப் போறாங்க. ரெண்டு கட்டத்தோட அவங்க ரெண்டு பேரு பேர்ல போவப் பாக்கறாங்க. எடுக்கட்டும். ஆசியா மட்டும் அத எடுத்தான்னு வெச்சிக்கோ, நான் இந்த எடத்துல இருக்கமாட்டேன். பிரம்மதேசம் பக்கமே மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டு போயிடுவேன். அப்புறம் அவ யார் கூட வேணும்னாலும் குந்தி சாப்புடட்டும்."

அன்றிலிருந்து அவர் ஆசியா டீச்சரோடு பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான்.

"ட்ராயிங், அந்த ஜன்னல சாத்தச் சொல்லு அவங்கள."

"டீச்சர், ஜன்னல சாத்தணுமாம்."

"ட்ராயிங், நான் செவிடு இல்லன்னு அவகிட்ட சொல்லு," என்பார் ஆசியா டீச்சர், எழுந்து போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டே.

குழம்பு மூடி ஒவ்வொரு நாளும் ராஜாமணி டீச்சர் பக்கம் தள்ளப்பட்டது. ஒவ்வொரு நாளும் ஆறிப்போய்த் திரும்பி வந்தது. மாலையில் சீனுவாசன் மொபெட்டில் வந்து நிற்கும்போது டீச்சரின் டிபன் பாக்ஸ் முக்கால்வாசி நிறைந்திருக்கும். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம், "பாவம், அந்தம்மா யாரு கைய நக்குச்சோ," என்பார்.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை. ராஜாமணி டீச்சரும் நானும், பேசுவதற்குத் தயார் செய்த இரண்டு மாணவிகளும் பெட்டி, சார்ட்டு சகிதம் பாசஞ்சரில் விழுப்புரம் போனோம். ஆசியா டீச்சர் கோட்டக்குப்பத்திலிருந்து பாண்டி வழியாக நேரே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது அவரும் பூமாலையும் எங்கள் மேசைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறினார்கள். ராஜாமணி டீச்சர் வாசலிலேயே நின்று மூச்சு விட்டார். பக்கத்து மேசையில் இன்னொரு பள்ளி செய்து வைத்திருந்த எரிமலை கூட அவ்வளவு சூடாக விட்டிருக்காது.

கம்பளியை ஜன்னல் வெயிலில் காயவைத்தார்கள். தகடுகளை நிறுத்தினார்கள். ராஜாமணி டீச்சர் பாட்டில்களைப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. மண்ணெண்ணெய் இருந்தது.

"ட்ராயிங், உப்புக் கரைசல் எங்கன்னு கேளு."

"இல்ல ராஜி, மறந்துட்டேன்," என்றார் ஆசியா டீச்சர் நேராகவே.

ஆசியா டீச்சர் எதையும் மறக்கிறவர் இல்லை. தேர்வு நாளில் மற்றவர்களுக்கும் சேர்த்துப் பேனா கொண்டுவருகிறவர். பூமாலையோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராஜாமணி டீச்சரின் முகம் வெளுத்தது. சார்ட்டைக் கிழித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதனால் உப்பை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், தன் கட்டம் சார்ட்டில் வெறும் எழுத்தாகத் தொங்கட்டும் என்று. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு பீக்கரை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. திரும்பி வரும்போது முந்தானையில் கல் உப்பு முடிந்திருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் நின்று அதைப் பீக்கரில் போட்டு, பென்சிலால் கலக்கினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"டீச்சர், கொஞ்சம் பொறுமையா..."

"நீ அவங்க கட்சியா?"

நான் யார் கட்சியும் இல்லை என்று சொல்வதற்குள் நடுவர் வந்துவிட்டார் என்று மாணவி ஓடிவந்தாள்.

நடுவர் ஏதோ கல்லூரிப் பேராசிரியர். ஜலதோஷம். 'ம' எல்லாம் 'ப' ஆகி வந்தது. எங்கள் மாணவி கையைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள்: "ஐயா வணக்கம் எங்கள் காட்சிப்பொருள் மின்னூட்டம் பெற்ற தகடுகளின் அருகில் அயனிச் சேர்மங்களும் சகப்பிணைப்புச் சேர்மங்களும் எவ்வாறு நடந்துகொள்கின்றன." அங்கே மூச்சு தீர்ந்தது. பூமாலை தண்ணீரைத் திறந்தாள். வளைந்தது. மண்ணெண்ணெயைத் திறந்தாள். நேராக விழுந்தது. நடுவர் தலையாட்டிவிட்டுச் சார்ட்டை அண்ணாந்து பார்த்தார்.

"பூணாவது எங்கப்பா?"

"உப்பு எடுத்துக்கினு வரலங்கய்யா," என்றார் ஆசியா டீச்சர்.

"சரி, பரவால்ல." அவர் அடுத்த மேசைப் பக்கம் திரும்பிவிட்டார். ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார்.

"இருக்குதுங்கய்யா," என்றார் ராஜாமணி டீச்சர்.

பீக்கரோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஆசியா டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்தார். "ராஜி, வாணாம். சொன்னா கேளு. வாணாம்." அவ்வளவு வேகமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. ராஜாமணி டீச்சர் கையை உதறினார். அந்த 'வாணாம்' அவருக்கு வேண்டிய சாட்சியாகிவிட்டது. பியூரெட்டில் உப்புத் தண்ணீரை ஊற்றினார். "எபோனைட்ட தேய்ம்மா," என்று பூமாலைக்கே கட்டளை போட்டார். பூமாலை புலியின் முதுகில் தேய்த்துத் தகட்டைத் தொட்டாள். ராஜாமணி டீச்சர் குழாயைத் திருகினார்.

உப்புத் தண்ணீர் வளைந்தது. நல்ல தண்ணீர் எப்படி வளைந்ததோ அப்படியே, தயக்கமே இல்லாமல், தகட்டைப் பார்த்துப் போனது.

ராஜாமணி டீச்சர் ஸ்டாண்டை மற்றத் தகட்டின் பக்கம் நகர்த்தினார். அந்தப் பக்கமும் வளைந்தது. குழாயை மூடினார், திறந்தார். வளைந்தது. தலைக்கு மேலே சிவப்பில் வளையாது என்று என் கையெழுத்து.

நடுவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பொல்லாதவர் இல்லை அவர். "ரெண்டு அயனியுப் சரிக்கு சரிதாப்பா. தப்பு இல்ல. ஆனா தகட்டுக்கு புடிச்சது இந்தாண்ட ஓடி வந்துடுது. புடிக்காதது அந்தாண்ட ஒதுங்கிடுது. கிட்ட இருக்கறத இழுக்கற இழுப்பு, தள்ளி இருக்கறத தள்ளறத விட ஜாஸ்தி. அதான் கழியல." பிறகு சார்ட்டைக் காட்டினார். "இத யாரு எழுதனது?"

நான் எழுதினேன். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை.

"நாங்க மூணு பேரும்தாங்கய்யா," என்றார் ஆசியா டீச்சர்.

நடுவர் எதையோ குறித்துக்கொண்டு எரிமலைக்குப் போய்விட்டார். எங்களுக்குப் பரிசு ஒன்றும் வரவில்லை. அதை அன்று யாரும் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

சாமான்களைக் கட்டும்போதுதான் ராஜாமணி டீச்சர் முதல் தடவையாக நேராகக் கேட்டார், தகட்டைத் துடைத்தபடி, யாரையும் பார்க்காமல். "உனக்கு தெரியுமா?"

"இல்ல ராஜி. தெரியும்."

"எப்போ?"

"பொங்கல் லீவுல. வீட்டுல கம்பளிய வெச்சிக்கினு புள்ளங்களுக்கு காட்டிக்கினு இருந்தேன். சின்னவன் உப்ப போட்டான். வளஞ்சிது."

"அவளுக்கு?"

ஆசியா டீச்சர் சாமான் சுற்றுகிற பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடியும் மடித்தார். "அவகிட்ட சொன்னேன்," என்றார்.

ராஜாமணி டீச்சருக்கு மண்டபத்தில், அத்தனை பேருக்கு முன்னால், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இப்போது வந்தது. தான் சொன்னது தப்பு என்பதை விடவும், அந்தத் தப்பு தனக்குத் தெரிவதற்கு முன்னால் பூமாலைக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் அவரை அடித்தது. ஆசியா டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். ஆனால் வெளிச்சம் இறங்குவதற்குள் அவர் பாண்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வீட்டில் சின்னவனுக்குக் காய்ச்சல். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ராஜாமணி டீச்சர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பெட்டியை ஜங்ஷன் வரைக்கும் தூக்கிவர ஆள் வேண்டும். பூமாலைக்கு வீடு விழுப்புரத்திலேயே, போயிருக்கலாம். போகவில்லை. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். ராஜாமணி டீச்சர் சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பிளாட்பாரத்தில் பாசஞ்சர் லேட் என்றார்கள். மாணவிகள் மசால் வடை வாங்கப் போனார்கள். மூன்று பேரும் பெட்டிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"இப்ப சந்தோஷமா உனுக்கு?" என்றார் ராஜாமணி டீச்சர்.

"சந்தோஷமாவா," என்றாள் பூமாலை. அவள் குரலில் இருந்த கண்டக்டர் இறங்கிப் போயிருந்தார். "எனக்கு வவுத்தெரிச்சல் டீச்சர்."

ராஜாமணி டீச்சர் திரும்பினார்.

"நான் வந்ததுல இருந்து அக்கா அக்கான்னு பின்னாலயே சுத்தறேன். அவங்க வாய தொறந்தா உங்க பேச்சுதான். ராஜி வந்தா கேக்கலாம், ராஜி இப்படித்தான் பண்ணுவா, ராஜிக்கு இந்த கலரு புடிக்காது. எனக்கு மூடியில குழம்பு ஊத்தும்போது கூட, ஜல்தி சாப்புடு, ராஜி மூஞ்சி மாறுதுன்னு சொல்லிக்கினேதான் ஊத்தறாங்க. அந்தக் குழம்பு எப்படி எறங்கும்?"

"உப்பு விஷயம் உங்கிட்டதான சொன்னா."

"சொன்னாங்க. எதுக்கு சொன்னாங்கன்னு கேளுங்க. ராஜி மனசு நோகாம இத எப்படி சரி பண்றதுன்னு என்கிட்ட யோசன கேட்டாங்க. தெனமும் அதே பேச்சு. நேரா சொல்லிடுங்க அக்கான்னு சொல்லி பாத்தேன். பாதி வார்த்தையில நிறுத்திட்டு, ராஜி மூணு நாளு சாப்புட மாட்டான்னு சொல்லிட்டாங்க. எனக்கு பேஜாரா பூடுச்சி. அதனால நானே உப்ப கரச்சி பாட்டில்ல ஊத்தி இன்னிக்கி எடுத்துக்கினு வந்தேன். எல்லார் முன்னாடியும் நீங்க மாட்டிக்கணும்னுதான் டீச்சர். பொய் சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி அக்கா பாத்துட்டாங்க. பாட்டில புடுங்கி குழாயடியில ஊத்திட்டாங்க. ஊத்திட்டு மறந்துட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னாங்க. நீங்க அதே குழாயடியில போயி வேற உப்பு கரச்சிக்கினு வந்தீங்க."

ராஜாமணி டீச்சர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். அவர் கண்கள் அப்படி இல்லை. அன்று ஒரு மண்டபம் முழுக்கப் பார்க்க அவமானப்பட்ட ஆள் மாதிரியே இல்லை. சாமி வந்து கேட்டாலும் அந்த நிமிஷத்தை விட்டுக் கொடுத்திருக்க மாட்டார்.

"ஊத்தும்போது இன்னா சொன்னா?"

"ராஜி இங்க தலகுனிஞ்சா நான் எந்த மூஞ்சோட அவ பக்கத்துல குந்தி சாப்புடுவேன்னாங்க."

"எப்படி சொன்னா? கோவமாவா?"

"அழுதுக்கினே."

"அழுதாளா?" ராஜாமணி டீச்சர் பெஞ்சில் நகர்ந்து பூமாலைக்குக் கிட்டே வந்தார். "எங்க, இன்னொரு தபா சொல்லு. மொதல்ல இருந்து."

பூமாலை சொன்னாள். பாசஞ்சர் வந்தது. மாணவிகளை ஏற்றினோம், பெட்டியை ஏற்றினோம். ராஜாமணி டீச்சர் ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினார்.

"வேற இன்னா சொன்னா?"

"அவ்ளோதான் டீச்சர்."

"யோசிச்சுப் பாரு. கடைசியா ஏதாச்சும் சொல்லியிருப்பா."

பூமாலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னாங்க," என்றாள். "ஆனா அத சொல்ல மாட்டேன். அது உங்கள பத்தி இல்ல. அது எனக்கு சொன்னது."

வண்டி நகர்ந்தது. அவள் கையை எடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

முண்டியம்பாக்கம் வரைக்கும் ராஜாமணி டீச்சர் சார்ட்டை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தார். விக்கிரவாண்டியில் சுண்டல் வாங்கி மாணவிகளுக்குக் கொடுத்தார், எனக்குக் கொடுத்தார், தான் சாப்பிடவில்லை. பேரணி ஸ்டேஷனில் எழுந்து நின்றார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"அவளுக்குன்னு தனியா இன்னா சொல்லியிருப்பா?"

"தெரியலையே டீச்சர். திங்கட்கிழம நான் ஆசியா டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்லட்டுமா?"

"நீ எதுக்கு நடுவுல?" என்றார். "நானே கேக்கறேன் அவள."